கார்பன் கணக்கோடு முடிவதில்லை

அலையாத்திக் காடுகளைப் பற்றிய பேச்செல்லாம் இப்போது கார்பன் கணக்கிலேயே வந்து நிற்கிறது. அது தேவையான கணக்குதான். ஆனால், கரையில் வாழ்பவர்களுக்கு அந்தக் காடு தருவது அதைவிட அதிகம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மறைப்பில்லாத கரையோரக் குப்பங்கள் உருக்குலைந்தன. இருளர் மக்கள் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதும் இங்கேதான். சுரபுன்னை வேர்களுக்கிடையே இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்கி வளர்வதால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

இந்தக் காட்டின் பெரும்பகுதி முன்பு வெட்டப்பட்டது. வெட்டிய இடம் பள்ளமாகி, தேங்கிய நீர் வற்றி, மண்ணில் உப்பேறியது. பிறகு எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்துபோக வழி செய்த பிறகே கன்றுகள் வேர்பிடித்தன. நீரோட்டத்தைப் பார்க்காமல் கன்று நடுவது வீண் செலவு.

அந்த வாய்க்கால்கள் வண்டல் சேர்ந்து தூர்ந்துவிடும். மீட்புத் திட்டம் எதுவானாலும், ஆண்டுதோறும் தூர்வாருவதற்கான நிதியை அரசு அதிலேயே சேர்க்க வேண்டும். அந்த வேலையும், காட்டுக்குள் இறால் பிடிக்கும் உரிமையும் முதலில் இருளர் குடும்பங்களுக்கே போக வேண்டும்.