விதானத்தை அளந்தால் போதுமா?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கிரீன் கிரெடிட் திட்டத்தில், மரம் நடுதலுக்கான வழிமுறையில் 2025 ஆகஸ்ட் 29-இல் வந்த திருத்தத்தை வரவேற்கிறோம். 2024 பிப்ரவரி வழிமுறை ஹெக்டேருக்கு 1,100 மரம் என்ற எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போது ஐந்தாண்டுப் பராமரிப்பும் 40 சதவீத விதான அடர்த்தியும் கட்டாயம். ஐந்து வயது கடந்து உயிரோடு நிற்கும் மரத்துக்கே கிரெடிட். நட்டதோடு கடமை முடிந்தது என்று இனி யாரும் ஒதுங்க முடியாது.

ஆனால் பழைய அளவுகோலும் சரி, புதியதும் சரி, தரைக்கு மேலே மட்டுமே பார்க்கிறது. ஒதுக்கப்படுவதோ சீரழிந்த வனநிலம். மேல்மண் போய், மிச்சமுள்ள செம்மண்ணில் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்திருக்கும் இடங்கள் அவற்றில் ஏராளம். அங்கே ஐந்தாண்டில் 40 சதவீதம் காட்ட எளிய வழி, வேகமாக வளரும் இனத்தை நட்டு, குழியில் உரமும் நீரும் கொட்டுவது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்த வேரில், அச்சத்தைத் தேடித் தரும் வேம் (VAM) எனும் வேர்ப்பூசணம் குறையும். தழைச்சத்து மிகுந்தால், காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் பிராங்கியா நுண்ணுயிரின் முடிச்சு சவுக்கு வேரில் சுருங்கும். சல்லி வேர்கள் ஈரமும் உரமும் உள்ள குழியையே சுற்றும். பராமரிப்பு நின்ற ஆறாம் ஆண்டில் அந்த மரம் எதை நம்பி நிற்கும்?

அது நம்ப வேண்டியது சருகைத்தான். விதானம் மூடிய பிறகு மரத்துக்குச் சத்து பெரும்பாலும் அதன் சருகும் மடிந்த சல்லி வேரும் மக்குவதிலிருந்தே வருகிறது. மக்கும் அந்த அடுக்குக்குள்ளேயே புதிய சல்லி வேர்கள் ஏறி வந்து மேய்கின்றன. நாமோ சவுக்குத் தோப்பில் சருகை வாரி விறகுக்கு அனுப்புகிறோம். வெட்டிய பின் வேர்க்கட்டையையும் தோண்டி விற்கிறோம். தைல மரத்தில் சுண்ணாம்புச்சத்து செறிந்த பட்டையைக்கூட லாரியில் ஏற்றிவிடுகிறோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலத்தில் ரேடியாட்டா பைனின் இரண்டாம் சுழற்சி விளைச்சல் சரிந்ததை வனவியலாளர் கீவ்ஸ் 1966-இலேயே பதிவு செய்தார். வெட்டுக்கழிவை எரிப்பதை நிறுத்தி நிலத்திலேயே விட்டு, களையையும் கட்டுப்படுத்திய பிறகுதான் அங்கே விளைச்சல் மீண்டது. அறுபது ஆண்டுக்கு முன்பே தொடங்கிய பாடம் இது. சருகை வாராத தோப்புக்கும் வாரித் துடைத்த தோப்புக்கும் ஒரே கிரெடிட் தருகிறது 2025-இன் கணக்கு.

இத்திட்டத்தை நிர்வகிப்பது டேராடூனில் உள்ள இந்திய வன ஆராய்ச்சி மற்றும் கல்விக் கவுன்சில். பிராங்கியா, வேம் பற்றிப் பல காலம் ஆய்ந்த கோவை வன மரபியல் நிறுவனம் அதே கவுன்சிலின் கிளை. சொந்த வீட்டில் இவ்வளவு அறிவு இருந்தும் கிரெடிட் கணக்கில் மண்ணுக்கு ஒரு வரி ஒதுக்காததை மன்னிக்க முடியவில்லை. செயற்கைக்கோள் படத்தில் தெரிவதை மட்டும் நம்பும் நிர்வாகம் சல்லி வேரைக் காப்பாற்றாது.

நடுமுன் ஒரு முறை, ஐந்தாம் ஆண்டில் ஒரு முறை மண் ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும்: கரிமக் கார்பன், கிடைக்கும் மணிச்சத்து, மண்ணின் அடர்வு. வயலுக்கு எடுப்பதுபோல் 15 செ.மீ.யோடு நிறுத்தாமல் 60 செ.மீ. வரை எடுக்க வேண்டும். சருகு வாரிய நிலத்துக்குக் கிரெடிட் கூடாது. அமைச்சகம் திருத்தும்வரை காத்திராமல், களத்தில் இருக்கும் வனச்சரகர்களும் தோட்ட மேலாளர்களும் இந்தப் பருவ நடவுக்கு முன்பே மண் மாதிரியை எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். குழி வெட்டிய பிறகு அந்த அளவு திரும்பக் கிடைக்காது.