ஐநோடுப் பங்கீடும் முன்யோசனையும்

வட்டில் இடம் ஏராளமாக இருக்கிறது; ஆயினும் கணினி புதிய கோப்பை ஏற்க மறுக்கிறது. லினக்ஸ் கணினிகளைக் கையாள்வோர் இதைக் கண்டு திகைப்பதுண்டு. இது யந்திரத்தின் பழுதன்று. வட்டை ஆயத்தம் செய்த நாளிலேயே முடிவான பங்கீட்டின் விளைவாகும்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்னும் சிறு பதிவு ஒன்று உண்டு. கோப்பின் உரிமையாளர், அளவு, அதன் உள்ளடக்கம் வட்டில் இருக்கும் இடம் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய யூனிக்ஸ் முறையில் ஐநோடுகள் யாவும் வட்டின் தொடக்கத்தில் ஒருங்கே வைக்கப்பட்டன. இதனால் வாசிப்பு முனை, பதிவுக்கும் உள்ளடக்கத்திற்குமிடையே ஓயாது அலைய நேர்ந்தது. வட்டைப் பல குழுக்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஐநோடுகளை அளித்து இக்குறையை நீக்கும் முறையை, மெக்கூசிக், ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி ஆகிய நால்வர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர்.

லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகிய கோப்பு முறைமைகள் இவ்வழியைத் தழுவியவை. 4,096 பைட் கொண்ட பிளாக்குகள் 32,768 சேர்ந்து ஒரு குழுவாகின்றன. அதன் கொள்ளளவு 128 மெகாபைட். மூலக் கோப்பகத்திலிருந்து நேரே கிளைக்கும் கோப்பகங்கள் வெவ்வேறு குழுக்களில் பரப்பப்படுகின்றன. அவற்றின் உட்கோப்பகங்கள், இடம் போதுமானால், தாய்க் கோப்பகத்தின் அருகில் அமைகின்றன. கோப்பின் ஐநோடு முதலில் தன் கோப்பகம் உள்ள குழுவிலேயே தேடப்படுகிறது. அங்கு கிடைக்காவிடில் பிற குழுக்கள் ஆராயப்படுகின்றன. உறவுடையவை அணுக்கமாகவும், உறவற்றவை விலகியும் இருக்கவேண்டும் என்பதே இதன் தத்துவம்.

சுழலும் வட்டும் அசையும் முனையும் இல்லாத நினைவகங்கள் பெருகிய இக்காலத்தில் இவ்வேற்பாடு தேவையற்றது என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் முழுதும் பொருந்தாது. ஒரே பட்டியலுக்காகப் பல பணிகள் காத்து நிற்பதைக் குழுமுறை இன்றும் குறைக்கிறது. ஆராயவேண்டிய குறை வேறோரிடத்தில் உள்ளது.

எக்ஸ்ட்4 முறைமையில், வேறு கட்டளை இடப்படாவிடில், சாதாரணமாக 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோடு ஒதுக்கப்படுகிறது. அதாவது குழுவொன்றுக்கு 8,192. கோப்பு ஒவ்வொன்றும் ஒரே பிளாக்கில் அடங்குமளவு சிறியதாயின், குழுவின் ஏறத்தாழக் கால் பாகம் நிரம்பியவுடனேயே ஐநோடுகள் தீர்ந்துவிடும். எஞ்சிய முக்கால் பாகம் இருந்தும் பயனில்லை. புதிய குழுக்களைச் சேர்த்து விரிவாக்கினாலன்றி, இவ்வெண்ணிக்கையைப் பின்னர் உயர்த்த வழியில்லை. எக்ஸ்எஃப்எஸ் முறைமையோ தேவை எழுந்தபோது ஐநோடுகளைப் புதிதாக அமைத்துக்கொள்கிறது.

ஆயினும் எக்ஸ்ட்4 முறைமையைக் கைவிடவேண்டுவதில்லை. சிறு கோப்புகளை இலட்சக்கணக்கில் சேமிக்கும் ஆவணக் களஞ்சியங்கள், 8,192 பைட்டுக்கு ஓர் ஐநோடு எனத் தொடக்கத்திலேயே விதித்துவிடலாம். ஐநோடு ஒன்றின் அளவு 256 பைட்; ஆகவே குழுவில் அவற்றுக்குச் செலவாகும் இடம் 2 மெகாபைட்டிலிருந்து 4 மெகாபைட்டாக உயரும். 128 மெகாபைட்டில் இது அற்பமே. வட்டின் வெற்றிடத்தை அளப்பதுபோலவே எஞ்சிய ஐநோடுகளையும் அவ்வப்போது எண்ணிவருதல் நன்று.

கருவி தானாகக் கொள்ளும் அளவு எல்லோருக்கும் ஏற்றதாக இருக்கவியலாது. சேமிக்கப்போகும் கோப்புகளின் இயல்பை அறிந்தவரே அவ்வளவை நிர்ணயித்தல் வேண்டும். அதற்குரிய காலம் வட்டை ஆயத்தம் செய்யும் நாளே.