ஒரு வரிப் பதில்

அலுவலக மின்னஞ்சலுக்கு நான் பதில் போடும் வேகம் பிரசித்தம். ‘சரி’, ‘ஆட்சேபம் இல்லை’. அவ்வளவுதான். ஆனால், ஒரு வானொலி நிகழ்ச்சிக்காக பத்து பூத்தே வழக்கைப் படித்ததிலிருந்து கை கொஞ்சம் தயங்குகிறது.

ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல் தொலைவில் இருக்கும் சிறு பாறை அது. மலேசியர்களுக்கு பத்து பூத்தே, சிங்கப்பூரர்களுக்கு பெட்ரா பிராங்கா. ஒன்று மலாய், மற்றது போர்த்துகீசியம். இரண்டுக்கும் பொருள் ‘வெள்ளைப் பாறை’தான். பிரிட்டிஷார் அங்கே கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 முதல் எரிகிறது.

1953 ஜூனில் சிங்கப்பூர் காலனி அரசு, தன் கடல் எல்லையை வரையறுப்பதற்காக, அந்தப் பாறை யாருடையது என்று ஜொகூரிடம் விவரம் கேட்டது. செப்டம்பரில் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் போனது. ஜொகூர் அரசு அதற்கு உரிமை கோரவில்லை என்பதே அதன் சாரம்.

1979-இல் மலேசியா தன் வரைபடத்தில் பாறையைச் சேர்த்தது. மறு ஆண்டு சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. பேசிப் பேசித் தீராமல், 2003-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றன.

2008 மே 23, தீர்ப்பு. ஆதியில் பாறை ஜொகூர் சுல்தானகத்துக்கே சொந்தம் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனாலும் 12-க்கு 4 என்ற கணக்கில் அது சிங்கப்பூருக்குப் போனது. அருகிலுள்ள மிடல் ராக்ஸ் மலேசியாவுக்குக் கிடைத்தது.

அந்தக் கடிதம் முக்கியச் சான்றானது. ஆனால் அது மட்டுமே காரணமில்லை. சிங்கப்பூர் அங்கே கொடியேற்றியது, அருகில் நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது. மலேசியத் தரப்பு நெடுங்காலம் மறுப்பு சொல்லவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அனைத்துலகச் சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

போர்க்கப்பலை நம்பாமல் வழக்கறிஞர்களை அனுப்பிய இரு அண்டை வீட்டாரையும் பாராட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த பாடம் சின்னது. யாராவது ‘இது உங்களுடையதா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பதற்கு முன், ஏன் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசிப்பேன்.