விற்பனைப் பட்டியலா? விலைக்கு வாங்கிய பட்டியலா?

களத்து மேட்டில் நெல் அளக்கும்போது நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? நெல்லையா? இல்லை. மரக்கால் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறோம். ஆலையில் நூலை நிறுக்கும்போது நம் கண் எங்கே போகிறது? தராசு முள்ளின் மேல் போகிறது. மரக்கால் எவன் கையில் இருக்கிறதோ, அவன் சொல்வதுதான் கணக்கு. இதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வயிறு காய்ந்து தெரிந்துகொண்டோம்.

இந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் நடந்துவரும் ஒரு சண்டையைப் பார்ப்போம். அது நெல்லைப் பற்றிய சண்டை அல்ல, நூலைப் பற்றிய சண்டையும் அல்ல. புத்தகத்தைப் பற்றிய சண்டை. ஆனால் மரக்கால் அதே மரக்கால்தான்!

'நியூயார்க் டைம்ஸ்' என்பது அமெரிக்க முதலாளிகளின் பெரிய பத்திரிகை. அது வாரந்தோறும் 'அதிகம் விற்பனையாகும் புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 1931 அக்டோபரில் நியூயார்க் நகரத்துக்கு மட்டும் என்று துவங்கிய பட்டியல் அது. 1942-ல் நாடு முழுவதற்குமானதாக விரிந்தது. அதில் ஒரு புத்தகம் ஏறிவிட்டால், கடைக்காரர் அதை வாசல் மேஜையில் அடுக்குகிறார். அட்டையில் கொட்டை எழுத்தில் அந்தப் பெருமை அச்சாகிறது. பெயர் தெரியாத புது எழுத்தாளர் ஒருவர் பட்டியலில் ஏறினால், அவருடைய விற்பனை நன்றாகவே உயர்கிறது என்று 2007-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கூறுகிறது. ஆகவே, விற்றதைச் சொல்லுகிற பட்டியல் மட்டுமல்ல அது. விற்க வைக்கிற பட்டியலும்கூட. மக்கள் எதைப் படிக்க வேண்டும் என்று வழிகாட்டுகிற கைகாட்டி மரம்!

அந்தக் கைகாட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று அமெரிக்க வலதுசாரிகள் கூச்சல் போடுகிறார்கள்.

தராசு முள் சாய்ந்ததா?

2015-ல் டெட் குரூஸ் என்ற வலதுசாரி செனட்டரின் புத்தகம் பட்டியலில் வரவில்லை. திட்டமிட்டு மொத்தமாக வாங்கிய பிரதிகளால்தான் அதன் விற்பனை பெருகியது என்றது டைம்ஸ். அப்படி எந்த அத்தாட்சியும் இல்லை என்றது பிரசுராலயம். அமேசானும் அப்படியே சொன்னது. மறு வாரம் அதே புத்தகம் பட்டியலில் வந்தது! 2017-ல் ரெக்னரி என்ற வலதுசாரி பிரசுராலயம், இந்தப் பட்டியலுக்கும் எங்களுக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று அறிவித்துவிட்டு வெளியேறியது. 2024 ஜூனில் லண்டன் 'எகனாமிஸ்ட்' பத்திரிகை கணக்குப் போட்டுப் பார்த்தது. வலதுசாரி பிரசுராலயங்களின் புத்தகங்கள், அதே அளவு விற்ற மற்றப் புத்தகங்களைவிட, பட்டியலில் இடம் பெறும் வாய்ப்பு 7 சதவிகிதப் புள்ளி குறைவாக இருக்கிறது என்று எழுதியது.

டைம்ஸ் இதை மறுக்கிறது. எழுத்தாளரின் அரசியல் கருத்துக்கும் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை என்கிறது.

நாம் என்ன சொல்கிறோம்? குற்றம் சாட்டுகிறவன் வலதுசாரி என்பதற்காக அவன் காட்டும் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளமாட்டோம். எடையில் சந்தேகம் வந்தால் தராசைச் சோதித்துப் பார் என்பதுதான் தொழிலாளியின் நியாயம். அந்த நியாயம் எதிரிக்கும் பொருந்தும்.

சோதிக்கலாம் என்றால் தராசைக் காட்ட வேண்டுமே! எந்தெந்தக் கடைகளிலிருந்து கணக்கு வாங்குகிறோம் என்பதை டைம்ஸ் வெளியிடுவதில்லை. அது ரகசியம். கடைகளைச் சொல்லிவிட்டால் பணக்காரர்கள் அங்கே போய் மொத்தமாக வாங்கி ஏமாற்றுவார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். பள்ளிப் பாடப் புத்தகங்களையும், ஆண்டாண்டாய் விற்றுக்கொண்டிருக்கும் பழைய நூல்களையும் அவர்கள் பட்டியலுக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. எதை எண்ணுவது, எதை விடுவது, எதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதெல்லாம் ஆபீஸ் அறைக்குள் நடக்கிற வேலை.

கோர்ட்டில் உடைந்த குட்டு!

இந்த அறையின் கதவை ஒரு எழுத்தாளர் தட்டிப் பார்த்தார். அவர் பெயர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. பேய்க் கதை எழுதிப் புகழ் பெற்றவர். 1983-ல் அவருடைய புது நாவல் வந்தது. விற்பனைக் கணக்குப்படி பட்டியலில் ஏற வேண்டிய என் புத்தகத்தை ஏற்றாமல் விட்டுவிட்டீர்கள், எனக்கு 60 லட்சம் டாலர் நஷ்டம் என்று டைம்ஸ் மீது வழக்குப் போட்டார்.

டைம்ஸ் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதோ எங்கள் கணக்குப் புத்தகம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை! எங்கள் பட்டியல் கணித முறைப்படி எண்ணிப் போட்ட கணக்கு அல்ல, அது ஆசிரியர் குழுவின் எழுத்து, ஆகவே பத்திரிகைச் சுதந்திரம் அதைப் பாதுகாக்கிறது என்று வாதாடியது. 1986-ல் கலிபோர்னியா மாநில உயர்மட்டக் கோர்ட் டைம்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோ வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

தோழர்களே! இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். கடை வாசலில் அது 'விற்பனைக் கணக்கு'. கோர்ட் கூண்டில் அது 'எங்கள் அபிப்பிராயம்'! கூலி நாளன்று எடையைக் கேட்டால், தராசு காட்டியது எடையல்ல, முதலாளியின் கருத்து, கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று பதில் வந்தால் நாம் விடுவோமா? அபிப்பிராயம் என்றால் அபிப்பிராயம் என்று தலைப்பிலேயே போடட்டும். கணக்கு என்றால் கணக்கைக் காட்டட்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து விற்பது பால்காரன் தண்ணீர் கலப்பதைப் போன்றதுதான்.

புலம்புகிறவர்கள் யோக்கியர்களா?

சரி, பாரபட்சம் பாரபட்சம் என்று மாரடித்துக்கொள்ளும் வலதுசாரிகளின் யோக்கியதை என்ன?

2019 நவம்பரில் டொனால்டு டிரம்பின் மகன் எழுதிய புத்தகம் இதே பட்டியலில் முதலிடத்தில் ஏறியது. ஏறியபோதே அதன் பக்கத்தில் சின்னக் கத்தி அடையாளம் ஒன்று இருந்தது. மொத்தக் கொள்முதல் நடந்திருக்கிறது என்று டைம்ஸ் போடும் குறி அது. வாங்கியவர்களில் ஒருவர் யார் என்பது பின்னர் வெளிவந்தது. தேர்தல் கமிஷனுக்குக் கொடுத்த கணக்கின்படி, டிரம்பின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் தேசியக் கமிட்டி, புத்தகம் வெளிவரும் முன்பே ஒரு கடைக்குச் சுமார் 95,000 டாலர் கொடுத்திருந்தது! நன்கொடை தருபவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கினோம் என்றார்கள். அப்பன் ஜனாதிபதி; மகன் எழுத்தாளன்; வாங்குவது கட்சி. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்று நம் கிராமத்தில் சொல்வது இதைத்தான்.

இது புதுத் தந்திரமும் அல்ல. 1995-ல் இரண்டு வியாபார ஆலோசகர்கள் எழுதிய புத்தகம் வாரக்கணக்கில் பட்டியலில் குந்தியிருந்தது. நாடெங்கும் சிறு சிறு கடைகளில் பிரித்துப் பிரித்து ஆயிரக்கணக்கான பிரதிகள் அவர்கள் தரப்பிலேயே வாங்கப்பட்டதை 'பிஸினஸ் வீக்' பத்திரிகை அம்பலப்படுத்தியது. அவர்கள் தாங்கள் ஏதும் தவறு செய்யவில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கத்தி அடையாளமே பிறந்தது. அடையாளம் போட்டார்கள், ஆனால் புத்தகத்தைக் கீழே இறக்குவது கட்டாயமில்லை. கள்ள எடை என்று சீட்டு ஒட்டிவிட்டு அதே எடையில் விற்பது போல!

ஒரே ஆலை, இரண்டு கரை

இப்போது சண்டையின் அடிமடிக்கு வருவோம். இந்தப் பக்கம் தாராளவாதிகளாம். அந்தப் பக்கம் வலதுசாரிகளாம். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் அச்சடித்து விற்பவர் யார்?

சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2015-ல் டிரம்பின் தேர்தல் புத்தகத்தை அந்தக் கம்பெனியின் வலதுசாரிப் பிரிவான த்ரெஷோல்டு வெளியிட்டது. 2017-ல் அவரிடம் தோற்ற ஹிலாரி கிளின்டனின் தேர்தல் புத்தகத்தை அதே கம்பெனி வெளியிட்டது. குரூஸின் புத்தகத்தை வெளியிட்ட ஹார்ப்பர் காலின்ஸ், பத்திரிகை முதலாளி மர்டாக் குடும்பத்தின் பிடியில் உள்ளது. பெங்குவின் ராண்டம் ஹவுஸ் கம்பெனிக்கும் வலதுசாரிப் புத்தகங்களுக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு.

ஒரே ஆலையில் சிவப்புக் கரை வேட்டியும் நெய்கிறார்கள், நீலக் கரை வேட்டியும் நெய்கிறார்கள். கரை வேறு, கல்லாப்பெட்டி ஒன்று! பெங்குவின் ராண்டம் ஹவுஸ் சைமன் அண்ட் ஷூஸ்டரை விழுங்கப் பார்த்தது, 2022-ல் கோர்ட் தடுத்தது. தடுத்து என்ன? 2023-ல் கே.கே.ஆர். என்ற நிதி முதலைக் கம்பெனி 162 கோடி டாலர் கொடுத்து அதை விலைக்கு வாங்கியது. எழுத்தும் சிந்தனையும் பருத்திப் பொதி போல ஏலத்துக்குப் போகின்றன. பட்டியலில் எந்தக் கரை வேட்டிக்கு முதல் இடம் என்பது பங்காளிச் சண்டை. ஆலை யாருடையது என்பதை இரு தரப்பும் பேசுவதில்லை.

பட்டியலுக்கே வராதவர்கள்

உண்மையான பாரபட்சம் பட்டியலில் துவங்கவில்லை. அச்சகத்தின் வாசலில் துவங்குகிறது.

ஹோவர்டு ஃபாஸ்ட் என்ற நாவலாசிரியர் அன்று அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். ஸ்பெயின் நாட்டுப் பாசிச எதிர்ப்பு அகதிகளுக்கு உதவிய கமிட்டியின் கணக்கையும் பெயர்களையும் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக, 1950-ல் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து, ரோமாபுரி அடிமைகளின் எழுச்சியைப் பற்றி 'ஸ்பார்ட்டகஸ்' நாவலை எழுதினார். பெரிய பிரசுராலயங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. புத்தகம் மோசம் என்றா? இல்லை, எழுதியவர் கம்யூனிஸ்ட் என்று! வாசகர்களிடம் முன்பணம் திரட்டி 1951-ல் தாமே அச்சிட்டார். ஆயிரமாயிரம் பிரதிகள் விற்றன. பின்னாளில் அவர் கட்சியை விட்டு விலகிப்போனார். அது வேறு விஷயம். 1960-ல் அந்த நாவல் பெரிய சினிமாவாக வந்தபோது, கதவைச் சாத்தியவர்களின் வர்க்கமே டிக்கெட் விற்றுக் காசு பார்த்தது.

இன்னொரு உதாரணம்: கான்ஸாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்ற சிற்றூரில், 1919 முதல் ஹால்டமன்-ஜூலியஸ் என்ற சோஷலிஸ்ட் சின்ன நீல அட்டைப் புத்தகங்களை அச்சடித்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு. விலை வெகுகாலம் 5 சென்ட்தான். தொழிலாளர்கள் தபாலில் வரவழைத்துப் படித்தார்கள். மொத்தம் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். பெரிய புத்தகக் கடைகளின் கல்லாவைத் தொடாமல் தபால் பையில் போன புத்தகங்கள், கடைக் கல்லாவை எண்ணுகிற மரக்காலில் எப்படி விழும்?

வலதுசாரிக்கு 7 புள்ளி குறைந்தால் உலகமே இடிந்ததாகக் கூச்சல். தொழிலாளியின் எழுத்து அச்சகத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்றபோது இவர்களில் எவனாவது வாய் திறந்தானா? திறக்கவில்லை. கதவைச் சாத்தியதே இவர்கள்தானே!

நாம் சொல்வது என்ன?

பட்டியல் போடுகிறவர்கள் கணக்கைப் பகிரங்கமாக வைக்கட்டும். முடியாது என்றால், இது எங்கள் அபிப்பிராயம் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும். பணத்தைக் கொட்டி வாங்கிய இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கட்டும். இதை வலதுசாரிக்காகக் கேட்கவில்லை. எவன் படிப்பதையும் எவனும் மறைவில் நின்று தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறோம்.

ஆனால் மரக்காலைச் சரிசெய்தால் மட்டும் நிலம் உழுதவனுக்கு வந்துவிடாது. அச்சகமும் காகிதமும் கடையும் லாபக்காரன் கையில் இருக்கும் வரை, அவன் போடும் பட்டியல் அவன் பெட்டியைத்தான் எண்ணும்.

சங்கக் கட்டிடத்துத் திண்ணையில், ஷிப்ட் முடிந்த பிறகு ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறோமே, அந்தப் புத்தகம் எந்தப் பட்டியலில் ஏறும்? விற்றது ஒரு பிரதி. கேட்டது பத்துப் பேர். அங்கிருந்து சேரிக்கும் வயலுக்கும் கைமாறிப் போய், அட்டை கிழிந்து, ஓரம் கறுத்துத் திரும்பி வருகிறது. முதலாளியின் கணக்கில் அது ஒன்று. நம் கணக்கில் அது நூறு.

ஆகவே தோழர்களே, புத்தகத்தை எடுக்கும்போது எத்தனை விற்றது என்று கேட்காதீர்கள். யாருக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். படியுங்கள்! எழுத்தறியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள்! நம் புத்தகங்களுக்கான மரக்கால் நம் கையிலேயே இருக்கட்டும்!