எலும்புப் பெட்டிக்கு வைக்கப்படும் சீல்: அதன் இலக்கம் யாருடைய கையில்?

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. உடைகள், பாதணிகள், வளையல், விளையாட்டுப் பொம்மை, நீலநிறப் பள்ளிக்கூடப் பை. காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் உறவுகளின் அடையாளம் ஏதாவது தென்படுமா என்று தேடி வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்றார்கள். அந்த ஆண்டு செப்ரெம்பர் வரை நடந்த இரண்டு கட்ட அகழ்வுகளில் அங்கு 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன.

அகழ்வு நடக்கும்போது எல்லோருடைய கண்ணும் குழியின் மேல் இருக்கும். நீதவான் வருவார், சட்டத்தரணிகள் நிற்பார்கள், ஊடகங்கள் படமெடுக்கும். ஆனால், மண்ணிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு எலும்பும் அடுத்துப் போய்ச்சேருவது ஒரு பைக்குள் அல்லது பெட்டிக்குள். அந்தப் பெட்டி மூடப்பட்ட பிறகு நடப்பதை நாம் யாரும் பார்ப்பதில்லை. பெட்டி களஞ்சிய அறைக்குப் போகலாம், கொழும்புக்குப் போகலாம், கடல் கடந்து வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கும் போகலாம். அந்தப் பயணம் முழுவதிலும் நமக்காக அந்தப் பெட்டியில் நிற்கக்கூடிய காவல் ஒன்றே ஒன்றுதான்: அதன் மேல் வைக்கப்படும் சீல். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தோற்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டிய தேவை உறவினர்களுக்கு இருக்கிறது.

ஒரு சாண் தகரம்

சீல் நமக்குப் புதிய பொருள் அல்ல. காப்புறுதிப் பொதிகளின் முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தியதை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். வீட்டு மின்மானியில் கம்பியோடு தொங்கும் ஈயக் குண்டு ஒரு சீல். எரிபொருள் பவுசரின் மூடியிலும் திறப்பிலும் இருப்பது சீல்.

பெட்டிகளுக்கும் பார ஊர்திகளுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் உலகெங்கும் நீண்டகாலமாகப் பயன்பட்டுவருவது உலோகப் பட்டிச் சீல். ஒரு சென்ரிமீற்றர் அளவு அகலமும் ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் கொண்ட மெல்லிய தகரப் பட்டி. அதன் ஒரு முனையில் சிறிய குமிழ் இருக்கும். பட்டியைப் பெட்டியின் கொண்டியில் கோத்து வளைத்து, மறுமுனையைக் குமிழுக்குள் செருகினால் உள்ளேயிருக்கும் வளையம் அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு அதைக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டிய பட்டியை மறுபடி பூட்டவும் முடியாது. பட்டியின் மேல் ஒரு தொடர் இலக்கம் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே இலக்கத்தில் இரண்டு பட்டிகள் இருக்கக்கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

பார்த்தால் மிகவும் பலவீனமான பொருள். ஒரு சாதாரணக் குறடு அதை நறுக்கிவிடும். ஆனால் அதைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பூட்டின் வேலை தடுப்பது. சீலின் வேலை சொல்வது. யாரோ திறந்திருக்கிறார்கள் என்ற செய்தியை மறைக்கவிடாமல் வைத்திருப்பதுதான் அதன் ஒரே கடமை. கொள்கலன் சீல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17712 என்ற சர்வதேசத் தரநிலை சீல்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. திறப்பதையே கடினமாக்கும் தடித்த உருக்குத் தண்டுச் சீல்கள் மேல் வகுப்பில் இருக்கின்றன. தகரப் பட்டி போன்றவை வெறுமனே அறிவிக்கும் வகுப்பில் இருக்கின்றன.

அப்படி அறிவிக்கும் வேலையிலும் சீல் தோற்கக்கூடும். அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் தேசிய ஆய்வுகூடத்தில் ரொஜர் ஜோன்ஸ்டன் தலைமையிலான குழு நூற்றுக்கும் மேற்பட்ட சீல் வகைகளைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்தது. பயிற்சியுள்ள ஒரேயொரு ஆள், சாதாரணக் கருவிகளோடு, சில நிமிடங்களில் பெரும்பாலான சீல்களைத் தடயமில்லாமல் ஏமாற்றிவிட முடிந்தது. விலை உயர்ந்த சீல்களும் இதற்கு விலக்கல்ல. அந்தக் குழு திரும்பத் திரும்ப வலியுறுத்திய முடிவு முக்கியமானது. சீலின் பாதுகாப்பு அதன் உலோகத்தில் இல்லை. அதை யார் வைத்தார், இலக்கத்தை எங்கே எழுதினார், திறக்கும்போது யார் எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்ற நடைமுறையில்தான் இருக்கிறது. இலக்கத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத சீல் வெறும் தகரம்.

மன்னார் கற்றுத்தந்தது

இந்தப் பாடத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை கடந்து வந்திருக்கிறோம். 2018 மார்ச்சில் மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டடத்துக்காக வெட்டிய மண்ணில் மனித எச்சங்கள் தென்பட்டன. நீதிமன்றக் கட்டளையின்படி தொடர்ந்த அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 28 சிறுவர்களுடையவை. 2019 ஜனவரியில் ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குக் காபன் பரிசோதனைக்காகக் கொண்டுசெல்லப்பட்டன. மார்ச்சில் அறிக்கை வந்தது. எலும்புகள் கி.பி. 1404க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது அது.

அந்த முடிவைக் கேட்ட உறவினர்கள் அதிர்ந்தார்கள். மேலதிக ஆய்வு வேண்டும் என்று அவர்கள் சார்பான சட்டத்தரணிகள் கோரினார்கள். ஊரில் பேச்சு வேறுவிதமாக எழுந்தது. மாதிரிகள் வழியில் மாற்றப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வீடுகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டக் கொட்டில்களிலும் பேசப்பட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். மாதிரிகள் மாற்றப்பட்டன என்பதற்கு இந்தக் கட்டுரையாளரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அப்படி இங்கே குற்றஞ்சாட்டவும் இல்லை. பிரச்சினை வேறு. பிள்ளையைத் தேடி அலைந்த ஒரு தாய்க்கு அந்தச் சந்தேகம் வந்தபோது, "இதோ பாருங்கள் அம்மா, உங்கள் சட்டத்தரணி குறித்துவைத்த இலக்கம் இது, ஆய்வகத்தில் வெட்டிய சீலின் இலக்கம் இது, இரண்டும் ஒன்று" என்று சொல்லி அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தால், அந்தச் சந்தேகத்தின் ஒரு பாதி அன்றே தீர்ந்திருக்கும். சீல் அரசைச் சந்தேகிப்பவருக்கு மட்டும் உதவுவதல்ல. நேர்மையாக வேலை செய்த அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் அதுவே சாட்சி.

மற்றப் பாதியைச் சீலால் தீர்க்க முடியாது. பெட்டி திறக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். பெட்டிக்குள் எதை வைத்தார்கள் என்பதை அது அறியாது. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளில் எந்த ஆறு தெரிவு செய்யப்பட்டன, அவை குழியின் எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் இருந்தன, அந்த ஆறும் முழுப் புதைகுழிக்கும் பேச முடியுமா என்ற கேள்விகள் சீல் வைக்கப்படுவதற்கு முன்னால் எழுபவை. ஆகவே சீல் உடையாமல் வந்தது என்பது முழு விசாரணைக்கும் நற்சான்றிதழ் ஆகாது. இந்த இரண்டையும் கலந்துவிடாமல் பிரித்துக் கேட்பதுதான் நமக்குப் பலம். தெரிவு பற்றிய கேள்வியைத் தெரிவு பற்றிய கேள்வியாகவும், பயணம் பற்றிய கேள்வியைப் பயணம் பற்றிய கேள்வியாகவும் கேட்கவேண்டும்.

வேறிடங்களில் எப்படிச் செய்கிறார்கள்

நம்பிக்கை இல்லாத இரண்டு தரப்புகளுக்கிடையே சீல் எப்படி வேலை செய்யவேண்டும் என்பதற்குச் சர்வதேச அணுசக்தி முகவரகம் நல்ல எடுத்துக்காட்டு. அணுப் பொருள் கொள்கலன்களில் அந்த முகவரகம் பல தசாப்தங்களாகப் பயன்படுத்திய உலோக மூடிச் சீலில் வெளியே இலக்கம் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும் தனித்துவமான கீறல்கள் இடப்பட்டு, வெளியே அனுப்பும் முன் படம் பிடிக்கப்படும். சீல் கழற்றப்பட்ட பின் அது குப்பைக்குப் போவதில்லை. வியன்னாவுக்குத் திரும்பிப்போய், அந்தப் பழைய படத்தோடு ஒப்பிடப்படும். இலக்கத்தைப் போலியாகச் செய்யலாம், கீறலைச் செய்வது கடினம். அதைவிட முக்கியம், சீலை வைத்த தரப்பே அதைத் திரும்பப் பெற்றுச் சரிபார்க்கிறது. சோதிக்கப்படும் நாட்டின் சொல்லை மட்டும் நம்பி அது நிற்பதில்லை.

எலும்புகளைப் பொறுத்தவரை பொஸ்னியாவின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. 1995இல் ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரின் உடல்கள் முதலில் பெரும் குழிகளில் புதைக்கப்பட்டன. பின்னர் தடயத்தை மறைப்பதற்காக இயந்திரங்களால் தோண்டப்பட்டு வேறு குழிகளுக்கு மாற்றப்பட்டன. ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடந்தன. காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு ஒவ்வொரு எலும்பு மாதிரிக்கும் உறவினர் தந்த ஒவ்வொரு இரத்த மாதிரிக்கும் பட்டைக் குறியீடு இட்டது. பரிசோதிப்பவருக்கு அது யாருடைய எலும்பு, எந்தக் குழி என்பது தெரியாது. குறியீடு மட்டுமே தெரியும். அந்த ஒழுங்கில் முதலாவது மரபணுப் பொருத்தம் 2001 நவம்பரில் கிடைத்தது. அது ஒரு 15 வயதுச் சிறுவனுடையது. இன்று ஏறத்தாழ 7,000 பேர் அடையாளம் காணப்பட்டு, பெயரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் நம் நாட்டின் நிலையை வைத்துப் பார்க்கவேண்டும். 2023 ஜூனில் மனித உரிமை அமைப்புகள் சில சேர்ந்து இலங்கையின் புதைகுழிகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. மூன்று தசாப்தங்களில் சுமார் இருபது இடங்களில் அகழ்வு தொடங்கப்பட்டும், அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்ட உடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே என்று அது சுட்டிக்காட்டியது. நீதவான்கள் மாறுகிறார்கள், அதிகாரிகள் மாறுகிறார்கள், நிதி நின்றுபோகிறது, வழக்கு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஆட்கள் மாறும்போது நினைவும் போய்விடும். எழுதிவைத்த இலக்கம் மட்டுமே மிஞ்சும்.

வாக்குப் பெட்டிக்கு உள்ள உரிமை

இந்த நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. தேர்தல் நாளில் வாக்களிப்பு முடிந்ததும் வாக்குப் பெட்டிக்குச் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர் சீல் வைப்பார். அவரது சீலோடு நின்றுவிடுவதில்லை. வேட்பாளர்களின் முகவர்கள் விரும்பினால் தங்கள் சீலையும் வைக்கலாம். அலுவலர் கள்ளர் என்பதால் அந்த உரிமை கொடுக்கப்படவில்லை. முடிவை ஏற்கவேண்டியவர்கள் எல்லோருக்கும் பெட்டியின் மேல் ஒரு பிடி இருக்கவேண்டும் என்பதால்தான்.

ஒரு வேட்பாளருக்கு வாக்குப் பெட்டியின் மேல் உள்ள உரிமை, ஒரு தாய்க்குத் தன் பிள்ளையுடையதாக இருக்கக்கூடிய எலும்புகள் உள்ள பெட்டியின் மேல் ஏன் இருக்கக்கூடாது?

சட்டவிரோத மரணங்களை விசாரிப்பதற்கான ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை, 2016இல் திருத்தப்பட்டது. சான்றுப் பொருள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற சங்கிலி அறுபடாமல் பதியப்படவேண்டும் என்பதும், விசாரணையில் குடும்பங்களுக்குப் பங்கு இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், உறவினர்களின் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் கேட்கக்கூடியவை தெளிவாகவே இருக்கின்றன. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

முதலாவது, பெட்டி மூடப்படும்போது சீல் இலக்கம் உறவினர் தரப்பின் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டு, வழக்கேட்டில் பதியப்பட்டு, அதன் பிரதி அவர்களுக்கும் கிடைக்கவேண்டும். இரண்டாவது, அதிகாரியின் சீலுக்குப் பக்கத்தில் குடும்பங்கள் சார்பிலும் ஒரு சீல். மூன்றாவது, பெட்டியின் கொண்டிக்கு மட்டுமல்ல, பிணைச்சல் பக்கத்துக்கும் கவனம். முன்னால் சீல் இருக்க, பின்னால் திருகாணியைக் கழற்றக்கூடிய பெட்டிக்குச் சீல் வைத்துப் பயனில்லை. நான்காவது, விமான நிலையத்திலோ சுங்கத்திலோ சோதனைக்காகச் சீல் வெட்டப்பட்டால், யார், எத்தனை மணிக்கு, எதற்காக என்று எழுதி, புதிய சீலின் இலக்கத்தையும் அதே தாளில் பதியவேண்டும். ஐந்தாவது, ஆய்வகத்தில் பெட்டியைத் திறக்கும்போது வெட்டிய பட்டியை எறியக்கூடாது. அதைப் படம் பிடித்து, சான்றுப் பொருளாகவே நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும். பயன்படுத்தாத சீல்களின் கட்டு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டும்.

செம்மணியோடு இது முடியப்போவதில்லை. கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய்க்காக நிலம் வெட்டியபோது தெரியவந்த புதைகுழியில், அடுத்த ஆண்டு ஜூலை வரை 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. இவை எல்லாம் பெட்டிகளாகவும் பைகளாகவும் எங்கோ காத்திருக்கின்றன. மரபணுப் பரிசோதனை நடக்கும் நாள் வரும்போது, அது எந்த நாட்டில் நடந்தாலும், முடிவு நாம் எதிர்பார்ப்பதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாம் எதிர்பார்க்காத முடிவையும் ஏற்றுக்கொள்ளக்கூடிய மனநிலை உறவினர்களுக்கு வரவேண்டுமானால், அந்தப் பெட்டி வந்த வழி முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பலர் தங்கள் பிள்ளைகளின் அடையாள அட்டை இலக்கத்தையும், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும், ஆணைக்குழுக்கள் கொடுத்த துண்டுகளின் இலக்கங்களையும் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவ்வளவு காலமும் அந்த இலக்கங்கள் அவர்களுக்குப் பதில் எதையும் கொண்டுவரவில்லை. பெட்டியின் சீல் இலக்கம் எழுதிய தாளுக்கும் அந்தப் பையில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறவேண்டிய நேரம், பெட்டி மூடப்படும் நேரம்தான்.