இரண்டாவது பிரதி

நான் கட்டுமானப் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து முதல் சைட்டுக்குப் போனபோது எனக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, கான்கிரீட் கியூப்களுக்குக் கையெழுத்துப் போடுவது. லாரியில் வரும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதும் தண்ணீரில் ஊறவைத்து, சிலவற்றை 7ஆம் நாளும் மற்றதை 28ஆம் நாளும் இயந்திரத்தில் அழுத்தி உடைப்பார்கள். அந்த எண்தான் கட்டடத்துக்குச் சாட்சி.

ஒருநாள் சைட் மேற்பார்வையாளர் அச்சுக்குப் போகும் கலவையில் மட்டும் கூடுதலாக சிமெண்ட் கலப்பதைப் பார்த்தேன். ஏண்ணே என்று கேட்டேன். "தம்பி, ஸ்லாப்ப யாரும் உடைச்சுப் பாக்கப் போறதில்ல. கியூப்பத்தான் உடைப்பாங்க" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் அண்ணாந்து பார்க்கிறேன்.

ஆகவே நேர்மையைப் பற்றிப் போதிக்க எனக்குத் தகுதியில்லை. போதிக்கவும் போவதில்லை. நேர்மையைப் பற்றிப் பேசிப் பேசியே இந்த நாட்டில் நாம் ஏமாந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

1எம்டிபி கணக்காய்வு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரி 24இல், அரசாங்கத் தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. அதன் பிறகு அறிக்கையிலிருந்து சில பகுதிகள் காணாமல் போயின. ஜோ லோ ஒரு வாரியக் கூட்டத்தில் இருந்தார் என்ற தகவல் நீங்கியது. 2014ஆம் ஆண்டுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு நிதி அறிக்கைகள் இருந்தன என்பதும் நீங்கியது. வெட்டிச் சுருக்கிய அறிக்கையையும் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டிவைத்தார்கள். 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகுதான் பூட்டு திறந்தது.

பழைய பிரதிகளை அழிக்கச் சொன்னபோது, கணக்காய்வு அதிகாரி நோர் சல்வானி ஒரு பிரதியை மட்டும் காப்பாற்றி வைத்தார். அந்தக் கூட்ட அறையில் பென்சில் பெட்டிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து வைத்ததாகப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். அறிக்கையைத் திருத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நஜிப்பையும் அருள் கந்தாவையும் 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்போடு நான் இங்கே வழக்காட வரவில்லை. என் கேள்வி வேறு.

நோர் சல்வானியின் செய்தி வந்தபோது நாம் என்ன செய்தோம்? "என்ன துணிச்சல்!" என்று பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். ஒரு நாட்டின் கணக்கு, ஓர் ஊழியர் பென்சில் பெட்டிக்குள் எதையாவது மறைத்தால்தான் பிழைக்கும் என்றால், அது பாராட்ட வேண்டிய விஷயமா, பயப்பட வேண்டிய விஷயமா? அவர் அன்றைக்கு மெடிக்கல் லீவில் இருந்திருந்தால்? அவருடைய வீரம் நம் அமைப்பின் பெருமை இல்லை. அதன் தோல்விக்கு அதுதான் ரசீது.

இது எங்கேயோ மேலே, கோடிகளில் நடக்கும் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். குகன். 2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றது. குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடித்ததால் ஏற்பட்ட காயங்களே காரணம் என்றது அது. 2013இல் உயர் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்து இழப்பீடு தரச் சொன்னது. அதே உடல். கியூப்பை உடைத்த இடம்தான் வேறு.

2005இலேயே அரச விசாரணை ஆணையம், போலீஸைக் கண்காணிக்க அதிகாரமுள்ள சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 18 வருடம் கழித்து, 2023 ஜூலையில் ஒன்று நடைமுறைக்கு வந்தது. எப்படிப்பட்டது? தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை, பரிந்துரைக்கலாம். சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்ற முடியாது. லாக்கப்பைப் பார்க்கப் போவதென்றால் முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அட, எங்கள் சைட்டில்கூட "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்" என்று தெரிந்தால்தான் எல்லோர் தலையிலும் ஹெல்மெட் ஏறும்!

"நல்ல ஆளுங்க வந்தா எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். இந்த ஒரு வரிதான் நம்மை மிகவும் கெடுத்திருக்கிறது. நல்லவரைத் தேடுவதும், ஊழலுக்கு எதிராக உறுதிமொழி வாசிக்கச் சொல்வதும் சுலபம், செலவும் இல்லை. என் மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு பங்களாதேஷ் தொழிலாளர்களுக்குச் சொந்தக் காசில் கோழி வாங்கிக் கொடுத்தவர். ஆனால் கியூப்பைச் செய்பவரும் ஆய்வகத்துக்குப் பணம் கட்டுபவரும் ஒரே குத்தகையாளர் என்றால், நல்லவர் கையாலும் பொய்க் கியூப்தான் வரும்.

சுயேச்சை என்பது குணம் இல்லை, ஏற்பாடு. அறிக்கை முதலில் யார் மேசைக்குப் போகிறது? யார் அதைத் தடுத்து வைக்க முடியும்? யார் அழைத்தால் கணக்காய்வாளர் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் "யாரைக் கண்காணிக்கிறோமோ அவர்" என்றால், அதற்குக் கண்காணிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

2024இல் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசாங்கப் பணம் போகும் நிறுவனங்களுக்குள்ளும் இனி கணக்காய்வாளர் நுழையலாம். நல்லதுதான். ஆனால் எத்தனை கதவைத் திறந்தாலும், எழுதியதைப் பூட்டிவைக்கும் சட்டம் அப்படியே இருக்கிறதே!

இலக்கிய இதழில் இதை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அதிகாரத்துக்கு எதிராகக் கவிதை எழுதுகிறோம். அதிகாரம் தன்னைப் பற்றியே எழுதிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையை நம்மில் எத்தனை பேர் திறந்திருக்கிறோம்? மலாயில் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது, எந்தக் கவிதையைவிடவும் கோபப்படுத்தும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் கோயில்களில், சங்கங்களில் ஆண்டுக்கூட்டத்தில் கணக்கைச் சரிபார்த்தவர் யார்? தலைவரின் மைத்துனர். நாம் கை தூக்கிவிட்டு மீகூன் சாப்பிடப் போகிறோம்.

நல்ல தலைவரைக் கேட்டது போதும். இரண்டாவது பிரதியைக் கேட்போம். யாரும் மறைத்துக் காப்பாற்ற வேண்டிய தேவையில்லாத, கையெழுத்தான அன்றே எல்லோர் கையிலும் இருக்கிற பிரதி. அன்றைக்கு சைட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால், நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். நல்லவன் என்பதால் இல்லை, மாட்டிக்கொள்வேன் என்பதால்.