‘பூமர்’ என்னும் வசைச்சொல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கணும் நம் இளைஞர் நாவில் இன்று ‘பூமர்’ என்றொரு சொல் புரள்கிறது. அறிவுரை கூறுவோர் எவராயினும் அவர் பூமர்! இச்சொல்லின் தாயகம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல் 1964 வரை, அங்கே பிறப்பு பெருகிற்று; அக்காலத்தே பிறந்தோர்க்கு இட்ட பெயரே இது. மலிவாக வீடும் நிலையான வேலையும் பெற்ற அத்தலைமுறை தமக்கு ஏதும் மிச்சம் வைக்கவில்லை என்னும் இளையோர் ஆற்றாமை, 2019-இல் அதனை உலகறிந்த ஏளனச் சொல்லாக்கிற்று.

அது அந்நாட்டு வழக்கு. அதே ஆண்டுகளில் பிறந்த நம் மூத்தோர் இம்மாநகரில் எவ்வளத்தைத் துய்த்தனர்? பலர் தாராவிக் குடிசைகளில் வளர்ந்தனர். 1966-இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராக எழுப்பிய முழக்கங்களுக்கு இடையே வேலை தேடினர். தாம் உண்ணாது பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். வளத்தில் திளைத்தவர்மீது எழுந்த வசையை வறுமை சுமந்தவர்மீது எறிதல் முறையாகுமோ?

மூத்தோர் சொல்லை மறுத்தலாகாது என்று நாம் கூறவில்லை. யார் சொல்லினும் ஆராய்க என்பதே குறள் காட்டும் நெறி. ஆயின், ‘தமிழ் எழுதக் கற்றுக்கொள்’ என்னும் தாயை ஒரு பட்டம் சூட்டி வாயடைத்தல் மறுப்பன்று, நழுவலே. இளைஞரே, காரணம் காட்டி மறுமின்! அதனையும் தமிழிலேயே கூறுமின்! கேட்க நாம் அணியமாயிருக்கிறோம்.